வெயில் ஆகாத உடம்பும் மெலிந்த எலும்பும்

2019 ஏப்ரல். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. முக்கால் குடம்தான் நிரம்பியிருந்தது, குனிந்து தூக்கினேன். முதுகின் நடுவில் 'மளுக்'கென்றது. குடத்தை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் எல்லோரும் வாயுப்பிடிப்பு என்றார்கள். அத்தை தினமும் தைலம் தேய்த்துவிட்டார். மூன்று வாரமாகியும் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை; பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பில் விலா எலும்புகள் முடியும் இடத்தில் ஒரு கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. அப்போது எனக்கு வயது 37.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். 2016-ல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன். 40 மில்லிகிராமில் ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்து 10-ல் நின்றிருந்தது. அந்த மாத்திரைதான் என்னை எழுந்து நடக்க வைத்தது, அதை மறக்க மாட்டேன். ஆனால் ஸ்டீராய்டு புது எலும்பு உருவாவதைத் தடுக்கும், குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும், சிறுநீரில் கால்சியம் போவதைக் கூட்டும். தொடங்கிய முதல் ஆறு மாதத்திலேயே எலும்பு வேகமாகக் குறைகிறது. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுக்க வேண்டியிருந்தால் ஆரம்பத்திலேயே எலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பது எனக்கு எலும்பு உடைந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று வருடத்தில் சிறுநீர், ரத்தம், கண் எல்லாம் தவறாமல் பார்த்தார்கள். எலும்பைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தபோது 9 வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. "மதுரை வெயிலில் இருந்துகொண்டு டி குறைவா? காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லு தாயி" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவந்து தடிக்கும், மறுநாள் மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும். குடை, முழுக்கை ரவிக்கை, சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. தோலில் டி உருவாக எந்தப் புற ஊதாக் கதிர் வேண்டுமோ, லூபஸைக் கிளப்பிவிடுவதும் அதுதான். என்னைப் போன்றவர்களுக்கு டி மாத்திரையில் இருந்துதான் வர வேண்டும். இதை வீட்டில் புரியவைக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கப் போனேன். மேசையில் படுத்தால் போதும், பத்து நிமிட வேலை. வலி இல்லை, ஊசி இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இளவயது எலும்போடு ஒப்பிடும் டி-ஸ்கோர் (T-score) பார்ப்பார்கள், மாதவிடாய் நிற்காத என் வயதுக்கு அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர் (Z-score). மைனஸ் 2-க்குக் கீழே போனால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு என்று அர்த்தம். எனக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பில் மைனஸ் 2.8. வீட்டில் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்வது பெரும்பாலும் மூட்டு வலியை. இது வேறு, எலும்பு உள்ளேயே பஞ்சு மாதிரி ஆகிவிடுவது.

முதலில் டி-யை ஏற்றினார்கள். 60,000 யூனிட் கேப்ஸ்யூல், வாரம் ஒன்று, எட்டு வாரம். வாரம் ஒன்று என்பதை யாரும் தவறவிடாதீர்கள். நான் வாங்கிய மருந்துக் கடையில் 'தினம் ஒன்று' என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சீட்டை இன்னொரு முறை படித்ததால் தப்பித்தேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மதியச் சாப்பாட்டோடு விழுங்குவேன். பத்தாவது வாரம் 34 வந்தது.

அதன் பிறகுதான் எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. டி-யும் கால்சியமும் குறைவாக இருக்கும்போது இதைத் தொடங்கினால் ரத்தக் கால்சியம் இறங்கிவிடும். அதற்கு முன் பல் டாக்டரையும் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து வருடக்கணக்கில் எலும்பில் தங்கும் என்பதால், இனி குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று டாக்டர் கேட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள், போதும் என்றேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. ஒரு தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அடுப்பில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வரும். நான் கூடத்தில் நடந்துகொண்டிருப்பேன். கால்சியம் மாத்திரையை அன்று மதியத்துக்குத் தள்ளிவிடுவேன், இரண்டும் சேர்ந்தால் மருந்து உள்ளே போகாது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதனால் காலையில் கூழ் அல்லது அடை, இரவில் பால், வாரம் ஒரு நாள் நெத்திலி.

பயத்தில் ஒரு தப்பும் செய்தேன். "ஸ்டீராய்டுதானே எலும்பைத் தின்றது" என்று இரண்டு நாள் அதை நிறுத்திவிட்டேன். தலைசுற்றல், வாந்தி, எழுந்து நிற்கத் தெம்பில்லை. நெடுநாள் எடுத்தவர்களுக்கு உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்க மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்தார். அப்புறம் அவரே மாதங்கள் எடுத்து 5-க்குக் குறைத்தார்.

பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்ததுதான் அன்றாடத்தை மாற்றியது. முதுகை வளைத்துக் குனியக் கூடாது. அருவாமனையைத் தூக்கி வைத்தாயிற்று, தேங்காயை மேடையில் நின்றபடி துருவுகிறேன். கோலத்தை மட்டும் விட மனமில்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, எட்டும் அளவுக்குப் போடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மைனஸ் 2.3. நசுங்கிய கட்டை நசுங்கியதுதான், உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் போனது போனதுதான். புதிதாக எதுவும் உடையவில்லை. எட்டு வாரத்துக்குப் பிறகு டி கேப்ஸ்யூலை மாதம் ஒன்றாகத் தொடரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அதை ஒரு வருடம் விட்டேன். டி 17-க்கு இறங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, பால்காரருக்குப் பணம் எடுத்து வைக்கும்போதே அந்தக் கேப்ஸ்யூலையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறேன்.