வேர்ப்பூஞ்சைக்கு எல்லை வகுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.

மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, தேடிக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சையை, நம் உழவர்கள் ‘வேம்’ என்ற பெயரில் உயிர் உரமாக இடும் அதே வகைப் பூஞ்சையை, செடி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுவதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் கொடுத்துப் பேண வேண்டிய விருந்தாளி என்பதால், எங்கே, எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில் அதற்கு ஒரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கின் ஒரு பகுதியை, குதிரைமசாலின் நெருங்கிய உறவான மெடிக்காகோ ட்ரங்கட்டுலா செடியில், பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2012-இல் வெளிப்படுத்தினார்கள். பூஞ்சை வேருக்குள் குடியேற என்.எஸ்.பி.2 என்ற மரபணு துணைசெய்கிறது, ஆனால் எம்.ஐ.ஆர்.171எச் என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ., அதாவது மரபணுக்களின் செயலை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு, அந்த மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாக்கக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி, அதை வெட்டுண்டு போகச் செய்கிறது. பூஞ்சை அனுப்பும் கூட்டுறவுச் சமிக்ஞையே இந்தக் கட்டுப்பாட்டையும் தூண்டிவிடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. பொருந்த முடியாதபடி என்.எஸ்.பி.2-ஐ மாற்றியமைத்தபோது, வழக்கமாகப் பூஞ்சை அண்டாத, வேர்நுனியை ஒட்டி வேர் நீண்டு வளரும் நீட்சிப் பகுதியிலும் அது பரவிவிட்டது.

எம்.ஐ.ஆர்.399 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வேலை வேறு. மணிச்சத்து குறையும்போது அது தண்டுப் பகுதியிலிருந்து உணவைக் கடத்தும் புளோயம் குழாய்கள் வழியே வேருக்கு இறங்கி, மணிச்சத்துக் கடத்திப் புரதங்களைச் சிதைவுக்கு அனுப்பும் பி.எச்.ஓ.2 மரபணுவை அடக்குகிறது. இந்தப் பயணம் 2008-இல் ஒட்டுக்கட்டிய அராபிடாப்சிஸ் என்னும் சிறிய ஆய்வுக்கூடச் செடிகளில் நிறுவப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடி இந்த வேர்ப்பூஞ்சையோடு கூட்டுச் சேர்வதே இல்லை.