உப்பு ஜாடியும் கால் டிகிரியும்: ஈரப்பத காலிபிரேஷன் அனுபவம்

கோவைப் பக்கம் ஒரு காலிபிரேஷன் லேபில் (அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் இடம்) வேலை பார்க்கிறேன். நூற்பாலைகளிலிருந்து ஈரப்பத மீட்டர்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை வெளியே அனுப்பித்தான் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவந்தோம். இனி நாமே செய்யலாம் என்று முடிவானதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில், தெரிந்த ஈரப்பதத்தில் காற்றை உருவாக்கித் தரும் டூ-பிரஷர் ஜெனரேட்டர் விசாரித்தோம். 2 பார் அழுத்தத்தில் காற்றை நீராவியால் நிறைத்து, வெப்பநிலை மாறாமல் 1 பாருக்கு இறக்கினால் ஏறக்குறைய 50% ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) கிடைத்துவிடும். தத்துவம் எளிது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. அதனால் நிறைவுற்ற, அதாவது இனி கரையாத அளவுக்கு உப்பு சேர்த்த, உப்புக் கரைசலுக்கு வந்தோம். மூடிய ஜாடிக்குள் இருக்கும் காற்றுக்கு 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11.3%, மெக்னீசியம் குளோரைடு 32.8%, சோடியம் குளோரைடு 75.3% தரும். அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான என்.பி.எஸ்.ஸில் கிரீன்ஸ்பான் 1977இல் வெளியிட்ட அட்டவணை இது.

உப்பு ஈரமணல் பதத்தில் இருக்க வேண்டும். படிகம் அடியில் கிடக்க மேலே தண்ணீர் நின்றால், மேல்பரப்பு நீர்த்துப்போய் ஈரப்பதம் அட்டவணையைத் தாண்டிவிடும். சென்சாரில் உப்பு பட்டால் அந்த மீட்டரை மறந்துவிடலாம். வறண்ட புள்ளியில் தொடங்கி மேலே போனோம். திரும்பி இறங்கும்போது ரீடிங் சற்று விலகும். அது மீட்டரின் குணம், அதைத் தனியாக ஒரு வரியில் எழுதுவோம்.

உண்மையான வேலை அன்சர்ட்டன்ட்டி கணக்கில்தான், அதாவது நம் அளவு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற கணக்கில்தான், இருந்தது. 25 டிகிரிக்கு அருகில் நிறைநிலை ஆவியழுத்தம் (காற்றில் நீராவி முழுக்க நிறைந்திருக்கும்போது அது தரும் அழுத்தம்) டிகிரிக்கு 6% ஏறுகிறது. அதாவது உப்புக்கும் சென்சாருக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் 75% புள்ளியில் நாலரை சதவீதம் போய்விடும்! ஏசி ஓடி நிற்கும் அறையில் ஜாடியை வைத்து, உப்பின் மேல் ஒன்று, சென்சார் அருகில் ஒன்று என இரண்டு பி.டி.100 (பிளாட்டினம் வெப்பநிலை சென்சார்) செருகிப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ±0.2 டிகிரி ஆடியது. 4.5ஐ 0.2ஆல் பெருக்கி, செவ்வகப் பரவலுக்காக (வரம்புக்குள் எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு என்று கொள்வது) √3ஆல் வகுத்தால் 0.52. உப்பின் மதிப்பிலிருந்து 0.07, மீட்டரின் கடைசி இலக்கத்திலிருந்து 0.03, திரும்பத் திரும்ப எடுத்ததில் 0.1. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து 2ஆல் பெருக்கினால் ±1.1%. இறங்குமுக விலகல் இதில் சேரவில்லை. மற்றதெல்லாம் சில்லறை, பணம் முழுக்க வெப்பநிலையில் இருந்தது.

ஜாடியைக் கழுத்துவரை தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். காற்றைச் சுழற்றும் விசிறியின் மோட்டாரை, அதன் சூடு உள்ளே போகாதபடி, மூடிக்கு வெளியே மாட்டினோம். ஆட்டம் ±0.05க்குள் வந்தது. அதே கணக்கு இப்போது ±0.36% காட்டியது. மில்காரர்களுக்கு இது தாராளம்.

பிறகு ஒரு மருந்து கம்பெனி 40 டிகிரியில் 75% கேட்டது. அந்தக் காற்றின் பனிநிலை (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரியை ஒட்டி வரும். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூடியோ அறைச் சூட்டில். உள்பக்கம் வியர்த்துச் சொட்டத் தொடங்கியது. மூடியோடு சேர்த்து முழு ஜாடியையும் வைக்க இன்குபேட்டர் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை எங்கள் பட்டியலில் 25 டிகிரி மட்டும்தான்.