பார்க்கலாம் சார்

"இந்த மாசம் நிறுத்தி வைக்கட்டுமா மேடம்?"

என் கட்சிக்காரர் போனில் கேட்டபோது, அவருடைய வக்கீலான நான் கோர்ட் ஹாலுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். அடுத்த கேஸ் என்னுடையது. "பார்க்கலாம் சார், பெட்டிஷன் போடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து விநாடிகூட இருக்காது.

கோர்ட் உத்தரவுப்படி, அம்மாவிடம் இருக்கும் மகளுக்கு ஜீவனாம்சம் மாதம் 8,000 ரூபாய், 5-ம் தேதிக்குள். ஒன்றுவிட்ட சனிக்கிழமை அப்பா வந்து பார்க்கலாம். தொடர்ந்து மூன்று முறை பிள்ளை வரவில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் இரண்டு காரணம். "கண்ணுல காட்ட மாட்டாங்க, காசு மட்டும் போகணுமா?" என்றார். அந்தக் குரலில் கஞ்சத்தனம் இல்லை, இதை அடித்துச் சொல்வேன். மூன்று சனிக்கிழமை காத்திருந்துவிட்டுத் தனியாகத் திரும்பிய மனிதரின் குரல் அது.

நான் சொன்ன பெட்டிஷன் பிள்ளையைப் பார்ப்பதற்கு. அவர் காதில் விழுந்தது வேறு. பார்க்கலாம் என்றால் சரி என்றும் பொருள், வேண்டாம் என்றும் பொருள், இப்போதைக்கு ஆளை விடுங்கள் என்றும் பொருள். நான் சொன்னது மூன்றாவது.

5 மாதம் கட்டவில்லை. எதிர்த்தரப்பு 40,000 பாக்கி என்று மனுப் போட்டபோதுதான் எனக்கே தெரியும்.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அம்மா செய்யும் தவறுக்குப் பிள்ளையின் பணத்தைப் பிடித்து வைக்க முடியாது. அம்மாவே "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144. எண்தான் மாறியது. பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால் வாரண்ட். அப்போதும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் 1 மாதம் வரை சிறை. உள்ளே போய்வந்தால் கடன் கழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழியாது. சிறை கட்ட வைப்பதற்குத்தான், கட்டியதற்கு ஈடு இல்லை.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். "கட்டிடுங்க சார், பார்க்கிற விஷயத்தைத் தனியாப் பார்ப்போம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆனால் உத்தரவு நகல் அவர் கையிலேயே இருந்தது. 5-ம் தேதி என்று அதில் தெளிவாக இருக்கிறது. சம்பளம், சொத்து, கடன் எல்லாம் எழுதி அவரே கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரத்தை வைத்துத்தான் தொகையே முடிவானது. படித்தவர். வக்கீல் ஒரு வார்த்தை சொன்னார் என்று 5 மாதம் நிறுத்துவாரா? இப்படி யோசித்து ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு எதிர்த்தரப்பின் பாக்கி மனுவில் இருந்த பிரமாணப் பத்திரத்தை மறுபடி படித்தேன். நடுவில் ஒரு வரி: "ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டோம்."

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைக் காட்டச் சொல்லி நான் போட்ட பெட்டிஷன் வாய்தா வாய்தாவாகத் தள்ளிக்கொண்டே போனது. பாக்கி மனு வந்த பிறகுதான் நீதிபதி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அடுத்த சனிக்கிழமையே பிள்ளை வந்தது. பணத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா? இப்போதெல்லாம் எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் முதல் வார்த்தையாகக் "கட்டுங்க" என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வருகிறது.

பாக்கியை மூன்று தவணையில் கட்டினார். கடைசித் தவணையன்று, "நீங்க அன்னிக்கு நிறுத்த வேணாம்னு சொல்லியிருந்தா கட்டியிருப்பேன் மேடம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

அன்று இரவு பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதியில் அவர் பெயருக்கு எதிரே "போன். பிள்ளை வரவில்லை. பெட்டிஷன்" என்று எழுதியிருக்கிறேன். பணத்தைப் பற்றிக் கேட்டார் என்று எழுதவே இல்லை.