ஷின்ஜுகுவில் இரண்டாம் மாடி

முதல் நாள் போனபோது பூட்டியிருந்தது. தப்பு முழுக்க என்னுடையதுதான். எந்தக் கிழமை திறந்திருக்கும், எந்தக் கிழமை விடுமுறை என்று இணையதளத்தில் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் அதைப் பார்க்காமல் மருனோவுச்சி ரயிலைப் பிடித்து ஷின்ஜுகு க்யோயென்மே நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து, ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி, மூடிய கதவைப் பார்த்து அசடு வழிந்துகொண்டு நின்றேன். டோக்கியோவுக்கு நான் வந்த காரணங்களில் முக்கியமானது இந்தக் கதவு. ப்ரைட் ஹவுஸ் டோக்கியோ லெகசி, தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் என்று பால்புதுமையினர் எல்லாரும் வந்து உட்கார ஒரு இடம்.

சரி, வந்தது வந்தாயிற்று, தேசிய விளையாட்டரங்கத்தையாவது பார்ப்போம் என்று கிளம்பினேன். ஷின்ஜுகு க்யோயென் பூங்காவுக்கு 500 யென் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு வாசலில் நுழைந்து, செண்டகாயா வாசல் வழியாக வெளியே வந்தால் அரங்கம் நடக்கிற தூரம்தான். கெங்கோ குமா வடிவமைத்த கட்டடம். அடுக்கடுக்கான கூரை விளிம்புகளுக்கு ஜப்பானின் 47 மாகாணங்களிலிருந்தும் மரம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மரமல்ல, இருக்கைகள். கம்பிக் கதவின் இடைவெளியில் அதில் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. மண் நிறம், பச்சை, வெள்ளை என்று ஐந்து நிறங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள், ஆளே இல்லாவிட்டாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். 2021இல் தொற்றுக் காலத்தில் டோக்கியோ அரங்கங்களில் பார்வையாளர்கள் இல்லாமலே ஒலிம்பிக் நடந்தபோது அந்த நிறங்கள்தான் டிவியில் மானத்தைக் காப்பாற்றின.

அந்த ஒலிம்பிக்கை நான் ராத்திரியும் பகலுமாகப் பார்த்தவன். நான் தன்பாலீர்ப்பாளன் என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது, ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்ப்பேன். பத்து மீட்டர் இணை டைவிங்கில் பிரிட்டனின் டாம் டேலி தங்கம் வாங்கிவிட்டு, செய்தியாளர்களிடம் தானொரு தன்பாலீர்ப்பாளன், ஒலிம்பிக் சாம்பியனும்கூட என்று பெருமையாகச் சொன்னார். அப்புறம் மற்றவர்கள் டைவ் அடிப்பதைப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பார்த்தபடி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், பதக்கத்துக்கே ஒரு உறை பின்னிவிட்டார் மனுஷன்! கனடா பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய க்வின், தான் திருநர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தங்கம் வென்ற முதல் ஒலிம்பிக் வீரர். நியூசிலாந்தின் லாரல் ஹப்பர்ட், 43 வயதில் பளுதூக்க வந்த திருநங்கை, மூன்று முயற்சியும் தவறிப்போய், கைகளால் இதயம் காட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் ஜெயித்துவிடுவார் என்று பல மாதமாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

அவுட்ஸ்போர்ட்ஸ் இணையதளம் எடுத்த கணக்கில் ரியோ 2016இல் வெளிப்படையான பால்புதுமை வீரர்கள் 56 பேர். டோக்கியோவில் குறைந்தது 186. ஐந்து வருஷத்தில் ஆட்கள் புதிதாக முளைத்துவிடவில்லை, முன்பும் இருந்திருப்பார்கள், சொல்லத்தான் முடியாமல் இருந்திருக்கும்.

இதே அரங்கத்தில்தான் 2025 செப்டம்பரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. நான் போனது அது முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு. அந்தப் போட்டியிலிருந்துதான் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமென்றால் மரபணுச் சோதனை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஒரு துடைப்பு, இல்லையென்றால் ரத்தம், ஒய் குரோமோசோமில் இருக்கிற எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வாழ்நாளில் ஒரு முறை போதுமாம். போட்டியில் எது நியாயம் என்ற அறிவியல் வாதத்துக்கு நான் ஆள் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது சாந்தி சௌந்தரராஜனின் முகம்தான் முன்னே வந்து நின்றது. 2006 தோகா ஆசியப் போட்டி, 800 மீட்டர், வெள்ளி. ஒரு பாலினப் பரிசோதனை, பதக்கம் போயிற்று. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ முடிவை உலகமே செய்தியில் தெரிந்துகொண்டது. சோதனை இப்போது நவீனமாகியிருக்கலாம். முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு தனியாக உட்காரப்போகிற பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசக் காணோம்.

மறுநாள் ஒழுங்காக நேரம் பார்த்துக்கொண்டு போனேன்.

உள்ளே போனதும் ஏமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏதோ விழாக்கோலத்தை எதிர்பார்த்துவிட்டேன்போல. புத்தக அலமாரிகள், மேசைகள், நாற்காலிகள். ஒரு ஓரத்தில் ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், கல்லூரி வயசு இருக்கும். நூலகத்துக்குள் தவறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, யாரும் என்னை எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு தன்னார்வலர் வந்து தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, போய்விட்டார்.

ப்ரைட் ஹவுஸ் என்பது 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆரம்பித்த பழக்கம். நாட்டு நாட்டுக்கு விருந்தினர் இல்லம் போடுகிறார்களே, அதுபோலப் பால்புதுமை வீரர்களும் ரசிகர்களும் வந்து உட்கார ஒரு இடம். 2012 லண்டனிலும் இருந்தது. 2014இல் ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் நடக்கவில்லை, அந்த அமைப்பைப் பதிவுசெய்யவே ரஷ்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது, அது நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்தாம். நாலு நாற்காலி போட்ட ஒரு அறையைப் பார்த்து ஒரு நாடு பயந்திருக்கிறது. சோச்சி கிளப்பிய சத்தத்தின் விளைவாக 2014 டிசம்பரில் ஒலிம்பிக் சாசனத்தின் ஆறாவது கோட்பாட்டில், பாகுபாடு கூடாது என்கிற பட்டியலில், பாலியல் நாட்டம் என்ற சொல்லும் சேர்ந்தது. இன்றைக்கு எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வரி அது.

டோக்கியோக்காரர்கள் 2019 ரக்பி உலகக் கோப்பையின்போது ஹராஜுகுவில் தற்காலிகமாக ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அடுத்து கோன் மட்சுனாகா முன்னின்று நடத்திய குழு நிரந்தரமான இடம் பிடித்து, 2020 அக்டோபர் 11ஆம் தேதி இதைத் திறந்தது. ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்த நேரம், ஆகவே விளையாட்டு முடிந்த பின் மிச்சமாக நிற்க வேண்டிய 'லெகசி' விளையாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது எனக்கு. ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் அதிகாரப்பூர்வ அங்கீகாரம் கிடைத்த முதல் ப்ரைட் ஹவுஸும் இதுதான்.

தன்னார்வலரிடம் மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினேன். வருபவர்களில் நிறையப் பேர் இளையவர்களாம். சிலர் வந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்களாம். ஒலிம்பிக்கால் ஏதாவது மாறியதா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கொஞ்சம்" என்பதுபோல விரல்களால் காட்டினார், அந்த இடைவெளி ரொம்பச் சின்னது.

அந்தச் சின்ன இடைவெளி எனக்கும் ஓரளவு தெரிந்ததுதான். டோக்கியோ மாநகர நிர்வாகம் 2018லேயே பாகுபாட்டுக்கு எதிராக விதி கொண்டுவந்தது, ஒலிம்பிக்கை நடத்த வேண்டுமே. ஆனால் 2021இல் விளையாட்டுக்கு முன்னால் எதிர்பார்த்த தேசியச் சட்டம் நாடாளுமன்றத்தில் தேங்கிப்போனது, 2023இல் வந்தது 'புரிதலை வளர்க்கும்' சட்டம், தண்டனை எதுவும் இல்லாதது. தன்பாலினத்தவருக்கு நாடு தழுவிய திருமண உரிமை நான் போன அன்று வரை இல்லை. ஜப்பான் கால்பந்து வீரர் குமி யோகோயாமா 2021 ஜூனில் தான் திருநம்பி என்று வெளியே சொன்னார், அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில். ஊருக்கு வெளியே போன பிறகுதான் வாய் திறக்க முடிகிறது என்பது எனக்குப் புதிய கதையல்ல.

2022 கத்தார் உலகக் கோப்பையில் ஏழு ஐரோப்பிய அணித் தலைவர்கள் பாகுபாட்டுக்கு எதிரான ஒன்லவ் கைப்பட்டை அணியப்போவதாகச் சொல்லிவிட்டு, மஞ்சள் அட்டை காட்டுவோம் என்ற மிரட்டல் வந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். அப்போது ரொம்பக் கோபப்பட்டேன். இப்போது கோபம் கொஞ்சம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கைப்பட்டை கேமராவுக்கு, ஒரு மாசத்துக்கு. அந்தப் பணத்திலும் சத்தத்திலும் கொஞ்சத்தை எடுத்து, போட்டி நடக்கிற ஒவ்வொரு நகரத்திலும் இந்த மாதிரி ஒரு இரண்டாம் மாடிக்கு வாடகை கட்டியிருக்கலாம். வானவில் கொடியை வேண்டாம் என்று சொல்லவில்லை, 2022 பர்மிங்காம் காமன்வெல்த் தொடக்க விழாவில் டேலியோடு நம் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் அந்தக் கொடியோடு நடந்தபோது அழுதவன்தான் நானும். கொடி போன பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மணி நேரம் இருந்தேன். படித்தது ஒன்றுமில்லை, ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் ஒன்றைப் படம் மட்டும் பார்த்துக்கொண்டு புரட்டினேன். ஓரத்தில் இருந்த பையன் திரும்பவே இல்லை.

கிளம்பும்போது கதவருகே இருந்த நேர அட்டவணையைப் போட்டோ எடுத்தேன். அடுத்த மாசம் டோக்கியோ வரப்போகிற நண்பனுக்கு அனுப்பி, கிழமை பார்த்துப் போடா என்று எழுதினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கட்டைவிரலை மட்டும் அனுப்பினான், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ரயில் நிலையத்தின் பெயர் என்ன என்று கேட்டான்.