அமர்வுப்படி

மாவு மில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற அத்தை கேட்டார்: "பதவி போனதுல உனக்கு மாசம் எவ்வளவுடி நட்டம்?" ஐந்து வருடம் வார்டு மெம்பராக இருந்தவளுக்குக் கை நிறைய சம்பளம் வந்திருக்கும் என்று இன்னமும் நம்புகிறார். அவர் மட்டுமல்ல, எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

கிராம ஊராட்சி உறுப்பினருக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. கூட்டத்துக்குப் போனால் அமர்வுப்படி, அவ்வளவுதான். தலைவருக்கே மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாயாக இருந்து, பிறகு 2,000 ஆனது. பேரூராட்சியில் ஒரே ஒரு வார்டைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலருக்கு 2023 முதல் மாதம் 2,500. ஊர் முழுக்கத் தண்ணீருக்கும் விளக்குக்கும் பதில் சொல்கிறவருக்கு அதைவிடக் குறைவு. என்ன கணக்கோ!

நாங்கள் இருப்பது கொள்ளிடக் கரையில், மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊராட்சி. 2019 டிசம்பர் 30, இரண்டாம் கட்டத் தேர்தல். வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், "தைக்கிற பொண்ணுதானே, எல்லா வீட்டுக்கும் தெரியும்" என்று என்னை நிறுத்திவிட்டார்கள். டெபாசிட் 200 ரூபாய். செலவு உச்சவரம்பு எனக்கு 9,000, தலைவர் பதவிக்கு 34,000. எனக்கு ஆன செலவு நோட்டீஸும் டீயும்தான். பில்லையெல்லாம் ஊசி நூல் டப்பாவில் சேர்த்துவைத்துக் கணக்குக் கொடுத்தேன். கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிட முடியாது என்று பயமுறுத்தியிருந்தார்கள். தலைவருக்கு நின்றவர்களும் கொடுத்தார்கள். பத்து நாள் ஊரே பிரியாணி தின்றதும், ராத்திரியில் கவர் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் மட்டும் 34,000-க்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் வரும் வேலைக்கு லட்சக்கணக்கில் போடுகிறவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்று அந்த அத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெயித்தது பதினோரு ஓட்டில். அப்புறம்தான் கூத்து. துணைத் தலைவரை ஒன்பது மெம்பர்கள் எங்களில் இருந்துதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்கில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் நகரும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவ்வளவு அடிதடி. 2020 ஜனவரி 11 தேர்தல். முந்தின ராத்திரி ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஒரு கவர், ஒரு பட்டுப்புடவை. கவரை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புடவை மாமியாரின் பெட்டிக்குள் போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் திரும்பிப் போனது. அரக்கில் மாம்பழக் கரை போட்ட புடவை. இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கொரோனாவில் கிராம சபையே ஒழுங்காக நடக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 15 கூட்டத்தை மட்டும் நான் மறக்கவே முடியாது. எங்கள் ஊர் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வந்தவர்கள் எழுபதுக்கு மேல் இருக்காது. மீதிக் கையெழுத்துக்கு நோட்டு, வழக்கம்போல, வீடு வீடாகப் போனது. செயலர் வரவு செலவை, படிவம் 30-ஐ, ரயிலுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். அப்போது காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் எழுந்தான். "எல்.இ.டி. விளக்கு 40 வாங்கினதா படிச்சீங்க. நேத்து ராத்திரி எண்ணிப் பார்த்தேன், 27தான் எரியுது." பெரியவர் ஒருவர் "உக்காருப்பா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த விளக்கு வாங்கும் தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு விளக்கைக்கூட எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி என் மகனை சைக்கிள் ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றினேன். 27 எரிந்தது. ஆறு பியூஸ் போனது. நான்கு, ஆபீஸ் பீரோவுக்கு மேலே சாக்கில் இருந்ததை மறுநாள் பார்த்தேன். மூன்று குறைந்தது. அதில் ஒன்று வாய்க்கால் ஓரம், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், ஒருவருடைய மோட்டார் கொட்டகை வாசலில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. யாருடைய கொட்டகை என்று இங்கே எழுதவில்லை. ஊருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் கேட்டேன். கொட்டகை விளக்கு மட்டும் மாரியம்மன் கோயில் முனைக்கு வந்தது. மற்ற இரண்டும் இன்றுவரை கணக்கில் மட்டும் எரிகின்றன.

இப்போது அப்படிக் கேட்கவும் ஆள் இல்லை. 2025 ஜனவரி 5-ஓடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அரசியல் சாசனத்தில் ஐந்து வருடம் என்று இருக்கிறது. ஆனால் அதற்குள் அடுத்த தேர்தலை வைக்கவில்லை. எங்களோடு பதவிக்காலம் முடிந்த மாவட்டங்களுக்கெல்லாம் தனி அலுவலர்கள். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், பி.டி.ஓ.தான் எல்லாம். இது புதிதும் இல்லை. 2016-இல் கோர்ட் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபோது ஆரம்பித்து 2019 முடியும்வரை இதே கதை. ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊரையும் பி.டி.ஓ. பார்க்க வேண்டும். மனிதர் பாவம், எங்கள் தெருப் பேர்கூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்கு ஓட்டும் குறையப்போவதில்லை.

ஜனங்கள் மட்டும் என்னை விடவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுகிறார்கள். "நான் இப்ப மெம்பர் இல்ல அண்ணி" என்றால், "அதுக்கென்ன, நீ போன் பண்ணிச் சொல்லு" என்கிறார்கள்.

மே 1 கிராம சபைக்கு ஊர்க்காரியாகப் போனேன். முன்வரிசை நாற்காலியில் உட்காரப் போய், நினைவு வந்து, ஜமுக்காளத்துக்கு வந்தேன். படிவம் 30-ஐ வாசிக்கவே இல்லை. அதே பையன் எழுந்து கேட்டான். "அடுத்த கூட்டத்துல வைப்போம் தம்பி" என்றார்கள். இந்தத் தடவை நானும் எழுந்து, இப்போதே படியுங்கள் என்றேன். அலமாரிச் சாவி செயலரிடம், செயலர் லீவு என்றார்கள்.

கையெழுத்து நோட்டில் என் வரிசை எண் 63. வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நோட்டு எங்கள் தெருவுக்கும் வந்தது. 81-ஆவதாக என் மாமியாரிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.