சோகமாக ஆடாதீர்கள், பூச்சியை ஊரவிடுங்கள்: புட்டோ கற்க வருபவர்களுக்கு

மனதில் அடைந்து கிடப்பதை எப்படியாவது வெளியே கொட்டிவிட வேண்டும் என்று வருபவர்களே புட்டோ வகுப்புகளில் அதிகம். ஜப்பானின் யோகோஹாமாவில் நான் சேர்ந்த வகுப்பிலும் அப்படித்தான். அவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜப்பானிய நடனத்தில் சோகமாக ஆடு, கோபமாக ஆடு என்று யாரும் சொல்வதில்லை. உடலுக்கு ஒரு காட்சியைக் கொடுப்பார்கள். உணர்ச்சி அதன் பின்னால் வரும். சில நாள் வராமலும் போகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

பூச்சிப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். புட்டோவைத் தொடங்கிவைத்த தாட்சுமி ஹிஜிகாட்டா உருவாக்கியது இது. வலது புறங்கையில் ஒரு பூச்சி ஊர்கிறது. இரண்டாவது, கழுத்திலிருந்து முதுகில் இறங்குகிறது. மூன்றாவது, தொடையின் உட்புறமாக மேலே ஏறுகிறது. இப்படிப் பெருகிப் பெருகி, கடைசியில் மயிர்க்கால்கள் வழியே நுழைந்து உள்ளுறுப்புகளையே தின்னத் தொடங்குகின்றன. எங்கள் ஆசிரியை இதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே நடப்பார். யாராவது கையை உதறினால், "பூச்சி இருப்பதாகக் காட்ட வேண்டாம், அது ஊரட்டும்" என்பார்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவருக்கு மூன்றாவது பூச்சியிலேயே முழங்கால் உள்நோக்கி மடங்கியது. தாடை நடுங்கியது, கண்ணீர் வழிந்தது. பயிற்சி முடிந்ததும் ஆசிரியை அவரிடம் ஏன் அழுதீர்கள் என்று கேட்கவில்லை. "அப்போது உங்கள் வலது முழங்கை எங்கே இருந்தது?" என்று கேட்டார். அவர் யோசித்து, விலாவோடு ஒட்டியிருந்தது என்றார். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள் என்றார் ஆசிரியை. புட்டோவில் நான் கற்றவற்றில் இந்தக் கேள்வியையே பெரிதாக நினைக்கிறேன். அழுகையை மீண்டும் வரவழைக்க முடியாது. முழங்கையை அதே இடத்தில் வைக்க முடியும்.

இந்த உடல்மொழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சிக்கு உதவும். ஹிஜிகாட்டா 1928இல் அகிதாவில் பிறந்தவர். கடும் பனி பெய்யும் வடக்கு வட்டாரம், நெல் விளையும் பூமி. வயலில் வேலை நடக்கும்போது குழந்தைகளை வைக்கோல் கூடையில் உட்கார்த்திவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. மாலையில் தூக்கும்போது கால்கள் மரத்து, நீட்ட முடியாமல் மடங்கியிருக்கும் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மடங்கிய முழங்கால், தரையை நோக்கித் தாழும் உடல் இரண்டுக்கும் பின்னால் அந்த மண் இருக்கிறது. 1959இல் டோக்கியோவில் அவர் அரங்கேற்றிய 'கின்ஜிகி' என்ற சிறு ஆட்டத்தைத்தான் புட்டோவின் தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

இன்னொரு பெரியவர் கசுவோ ஓனோ. யோகோஹாமாவில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். போரில் ஒன்பது ஆண்டுகளைக் கழித்தவர். 1929இல் டோக்கியோவில் லா அர்ஜென்டினா என்ற ஸ்பானிய நடனக் கலைஞரின் ஆட்டத்தைப் பார்த்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1977இல், ஹிஜிகாட்டாவின் இயக்கத்தில் லா அர்ஜென்டினாவைப் போற்றி ஆடினார். அப்போது ஓனோவுக்கு வயது 71. வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

இருவர் வழியும் வேறு. ஹிஜிகாட்டா சொற்களையும் படங்களையும் கொண்டு வடிவத்தைத் துல்லியமாகக் கட்டுவார். ஓனோவுக்கு உள்ளே இருக்கும் உயிர்தான் முதலில். வடிவம் அதைத் தொடர்ந்து வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஹிஜிகாட்டா வழி வகுப்பில் சேர்வது நல்லது என்பது என் கருத்து. விருப்பம்போல் ஆடச் சொன்னால், நெஞ்சில் கை வைப்பது, முகத்தைப் பொத்துவது என்று ஏற்கெனவே பழகிய சைகைகளையே உடல் தேடிப் போகிறது. ஓனோவின் சுதந்திரத்துக்குப் பின்னால் ஒரு நெடிய வாழ்க்கையே இருந்தது.

புட்டோ மேடையில் ஆடுபவர்கள் உடலில் பூசிக்கொள்ளும் வெள்ளைச் சாயத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வகுப்புக்கு அது வேண்டாம். தளர்வான உடை போதும். நடைப் பயிற்சிக்குத்தான் பொறுமை வேண்டும். தலையில் நீர் நிறைந்த கிண்ணம் இருப்பதாக எண்ணி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் அறையைக் கடக்கக் கால் மணி நேரம்கூட ஆகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'துயரமாக இருந்தது' என்று எழுதினால் பின்னால் பயன்படாது. 'இடது தோள் குளிர்ந்தது, மூச்சு தொண்டையில் நின்றது' என்று எழுதுங்கள். ஹிஜிகாட்டா பத்திரிகைகளிலிருந்து பிரான்சிஸ் பேக்கன் போன்ற ஓவியர்களின் படங்களை வெட்டி ஒட்டிய ஏடுகள் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகக் கலை மையத்தில் இருக்கின்றன. அதுபோல் நீங்களும் உங்கள் உடலை அசைக்கும் படங்களைச் சேர்த்துவையுங்கள்.

அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் புட்டோவைச் சிகிச்சையாக எண்ணி வர வேண்டாம். மருத்துவர் உதவி தனியாகத் தேவை. காட்சி தாங்க முடியாமல் போனால் கண்ணைத் திறந்து, தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று சேரும் முன்பே ஆசிரியரிடம் கேளுங்கள். தயக்கமின்றி ஆம் என்று சொல்பவரிடம் மட்டும் சேருங்கள்.