சப்பாத்திக்கு மாற முடியாத சர்க்கரை

சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தபோது எனக்கு ஏற்கெனவே இரண்டு நோய்கள் இருந்தன. பல வருடமாக ஹாஷிமோட்டோ தைராய்டு: உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். அப்புறம் சீலியாக்: கோதுமையில் இருக்கும் குளூட்டன் வயிற்றுக்குள் போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஆனாலும் முதலில் பார்த்த டாக்டர் டைப் 2 என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

மாத்திரையும் நடைப்பயிற்சியும் ஒழுங்காக நடந்தன. எடை இறங்கிக்கொண்டே போனது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. தைராய்டுக்குப் பார்க்கும் டாக்டர்தான் ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு இரண்டையும் எடுக்கச் சொன்னார். இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே தாக்குகிறதா என்பதற்கு முதல் டெஸ்ட். கணையத்தில் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதற்கு இரண்டாவது. ஆன்டிபாடி பாசிட்டிவ், சி-பெப்டைடு குறைவு. பெரியவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் டைப் 1 வகை, லாடா என்றார். அன்றே இன்சுலின் எழுதினார்.

ஹாஷிமோட்டோ, சீலியாக், வெண்புள்ளி போல உடம்பே தன்னைத் தாக்கும் நோய் இருப்பவருக்குச் சர்க்கரையும் வந்து, ஆளும் மெலிந்துகொண்டே போனால், இந்த டெஸ்ட்டுகளைப் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊசி சீக்கிரம் பழகிவிட்டது. சாப்பாடுதான் பெரும்பாடு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "சோத்தைக் குறைச்சிட்டு ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி சாப்பிடும்மா." சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா எதுவுமே எனக்கு ஆகாது. சாமை, வரகு, கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால் சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்பதை நம்ப வேண்டாம். கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு மீட்டரில் பார்த்தால் சோற்றுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அதனால் சோறோ சாமையோ, அளந்த ஒரு கிண்ணம்தான். மீதித் தட்டில் சுண்டல், கீரை, முட்டை, மீன்.

மாவு மில்லுக்கும் போவதில்லை. கோதுமை அரைத்த மெஷினிலேயே கேழ்வரகையும் கொட்டுவார்கள். கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறோம். பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படிக்காமல் வாங்குவதில்லை. குளூட்டன் தெரியாமல் உள்ளே போய் வாந்தி எடுத்தால், போட்ட இன்சுலின் தன் வேலையைச் செய்ய, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

லோ சுகர் வந்தால் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் நீட்டுவது பிஸ்கட், அது மைதா. என் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருக்கும். 15 கிராம் அளவுக்குத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். ஆபீஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின். காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். சீலியாக்கால் இரும்புச்சத்து குறைந்ததால் அதற்கொரு மாத்திரை. அது தைராக்ஸினுக்கு 4 மணி நேரமாவது தள்ளி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி எண்ணை இரும்புச்சத்துக் குறைவு கூட்டிக்காட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து டாக்டர் டோஸை மாற்றுவதில்லை. மீட்டர் நோட்டையும் வரிவரியாகப் பார்க்கிறார்.

வயிற்றுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ஒருவர். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிய, எல்லாச் சீட்டுகளும் ஒரே ஃபைலில். போன முறை தைராக்ஸின் டோஸைக் கூட்டியபோது, இன்சுலின் தேவையும் மாறக்கூடும், இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகச் சர்க்கரை பாருங்கள் என்று அதிலேயே எழுதிக் கொடுத்தார்.